மலம்புழாப் பூங்காவில் ஒரு பகற்பொழுது

பள்ளிகளில் ஆண்டுத் தேர்வு முடிந்து கோடை விடுமுறை தொடங்கியதும் நம் குடும்பங்களில் எழும் முதற் கேள்வி, "இந்த முறை எங்கே போகலாம்?" என்பதே. உதகைக்கா, கொடைக்கானலுக்கா, வேளாங்கண்ணிக்கா என்று வீட்டுத் திண்ணையில் விவாதம் நடக்கிறது. வண்டி பேசப்படுகிறது. புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டப்படுகின்றன. போகிறோம், ஓடியோடிப் பார்க்கிறோம், படம் பிடிக்கிறோம், களைத்துத் திரும்புகிறோம். மறுநாள், "என்ன கண்டாய்?" என்று குழந்தையைக் கேட்டால், ஐஸ்கிரீம் தின்றதையும் ஊஞ்சல் ஆடியதையும் தவிர வேறெதுவும் அதன் நினைவில் இருப்பதில்லை. பெரியவர்களின் நிலையும் பெரும்பாலும் இதுவே.

பார்ப்பது என்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு கலை. எழுத்தைக் கற்பிக்கப் பள்ளி இருக்கிறது. மறைக்கல்விக்கு ஞாயிறு வகுப்பு இருக்கிறது. கண்ணுக்குக் கல்வி தருவது எது? நல்லதொரு பூங்கா அதைத் தரும் என்று நாம் துணிந்து சொல்வோம். அதிலும், செடி கொடிகளோடு சிற்பங்களும் திறந்த வெளியில் நிற்கும் பூங்காவானால் இன்னும் சிறப்பு. கோபிசெட்டிபாளையத்திலிருந்து காலையில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பிவிடக்கூடிய தொலைவில் அப்படிப்பட்ட இடம் ஒன்று உண்டு. பாலக்காட்டை அடுத்த மலம்புழா அணைப் பூங்காவே அது.

அணையின் அடியில் ஒரு தோட்டம்

அவிநாசி, கோவை, வாளையாறு வழியாகச் செல்லும் பாதை நம்மவருக்குப் புதியதன்று. மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்கு வழிவிட்டு நிற்கும் பாலக்காட்டுக் கணவாயைக் கடந்ததும் காற்றில் ஈரமும் கண்ணில் பசுமையும் கூடுகின்றன. பாலக்காட்டு நகரிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் சென்றால் மலையை முதுகுக்கு வைத்து நிற்கும் அணை தென்படுகிறது.

இந்த அணைக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. மலபார் மாவட்டம் அன்று சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. மலம்புழா அணையை 1955ஆம் ஆண்டில் திறந்து வைத்தவர் முதலமைச்சர் காமராசர். நம் வயல்களை வாழ வைக்கும் பவானிசாகர் அணை கட்டி முடிந்ததும் அதே 1955இல்தான். நாடு விடுதலை பெற்ற சூட்டோடு, பசியைப் போக்க எழுந்த இரட்டைப் பிள்ளைகள் இவை எனலாம். மறு ஆண்டில் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது ஒன்று கேரளத்துக்குப் போயிற்று. மற்றொன்று நம்மிடம் நின்றது.

அணைக்குக் கீழே தோட்டம் போடும் வழக்கம் எங்கிருந்து வந்தது? மைசூரை அடுத்த கிருஷ்ணராஜசாகர் அணையின் அடியில் திவான் சர் மிர்ஸா இஸ்மாயில் அமைத்த பிருந்தாவனம் தென்னாட்டவர் அனைவரையும் கவர்ந்தது. ஓர் அணை கட்டும்போது மண்ணும் கல்லும் தோண்டி எடுக்கப்பட்டு, சுற்றியுள்ள நிலம் மொட்டையாகிக் கிடக்கும். நீருக்கோ பஞ்சமில்லை. காயப்பட்ட அந்த நிலத்தின்மேல் பச்சைப் போர்வை போர்த்துவதே அணைப் பூங்காவின் பணி. பவானிசாகரில் நாம் காணும் பூங்காவும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. வயலுக்குப் போகும் நீரில் ஒரு கை அள்ளிப் பூவுக்கும் ஊற்றிய அன்றைய பொறியாளர்களின் உள்ளத்தை நாம் மெச்ச வேண்டும். மனிதன் சோற்றினால் மட்டும் நிறைவதில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

செடிகளிடையே சற்று நிற்போம்

பூங்காவுக்குள் நுழைந்ததும் கூட்டம் விரைகிறது. தொங்குபாலம், கம்பிவடத் தொட்டில் என்று பிள்ளைகள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். போகட்டும், அவையும் வேண்டியவையே. ஆயினும் ஒரே ஒரு செடியின் முன் ஐந்து நிமிடம் நிற்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்வோம்.

அணைத் தோட்டங்கள் எங்கும் படர்ந்திருக்கும் காகிதப்பூவையே எடுத்துக்கொள்வோம். நம் ஊர்ப் பள்ளிச் சுவர்களிலும் பங்கு இல்லத்து வேலிகளிலும் அது உண்டு. ஊதா, சிவப்பு, வெள்ளை என்று நாம் பூவிதழாக எண்ணுவது உண்மையில் இதழே அன்று. அது பூவடிச் செதில். நிறம் மாறிய இலை என்றே சொல்லலாம். மூன்று செதில்களுக்கு நடுவே, தீக்குச்சி முனையளவில் வெண்மையாக நிற்கும் சிறு குழல்களே மெய்யான பூக்கள். வண்ணம் காட்டித் தேனீயையும் வண்ணத்துப்பூச்சியையும் அழைப்பது இலையின் வேலை; பூவோ உள்ளே அடக்கமாக இருக்கிறது. நாள்தோறும் கண்ட செடியைப் பற்றி இது இத்தனை நாளும் நமக்குத் தெரியாமற் போனது ஏன்? நின்று பார்க்காததால்தான்.

அச்செடியின் வரலாறும் சுவையானது. பிரான்சு நாட்டுக் கடலோடி பூகன்வில் 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றி வந்தபோது, அவருடன் சென்ற தாவர நூலறிஞர் கொமர்சோன் பிரேசில் நாட்டில் இதைச் சேகரித்தார். தலைவரின் பெயரே செடிக்கும் நின்றது. கொமர்சோனுக்கு உதவியாளாக ஆணுடை தரித்துக் கப்பலேறிய ழான் பாரே என்பவர் உண்மையில் ஒரு பெண். பெண்கள் கப்பலில் ஏறத் தடை இருந்த காலம் அது. செடி திரட்டும் கருவிகளைச் சுமந்து மலையும் காடும் ஏறிய அவரே, உலகை வலம் வந்த முதற் பெண்மணி என்று இன்று போற்றப்படுகிறார். வண்ணச் செதிலுக்குள் ஒளிந்த வெண்பூவைப் போல, பெரியவர் பெயருக்குள் ஒளிந்த உழைப்பு அவருடையது!

உழைப்பு என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். புல்வெளியில் குந்தியபடி களை எடுக்கும் தோட்டத் தொழிலாளரை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. உயிர்த்த ஆண்டவரை மகதலா மரியாள் தோட்டக்காரர் என்று எண்ணினாள் என நற்செய்தி கூறுகிறது. அந்த எண்ணம் ஆண்டவருக்கு இழிவாகவில்லை. ஆதலால், "இது என்ன செடிங்க? எப்பப் பூக்கும்?" என்று அவர்களிடம் பிள்ளைகள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். பூங்காவை அவர்களைவிட அறிந்தவர் யார்?

யட்சியின் முன்னே

இனிச் சிற்பத்திற்கு வருவோம். மலம்புழா என்றாலே பலருக்கும் நினைவில் எழுவது யட்சி. வானை நோக்கி முகம் உயர்த்தி, மலைச் சூழலில் அமர்ந்திருக்கும் பெண்ணுரு. உயரம் ஏறத்தாழ 30 அடி. கான்கிரீட்டில் இதை வடித்தவர் கானாயி குஞ்ஞிராமன். 1937இல் வடகேரளத்தில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கரிடமும், பின்னர் இலண்டனிலும் பயின்றவர். 1969இல் சிலை நிறைவு பெற்றது. அவ்வுருவில் ஆடை இல்லை. அதனாலேயே அன்று எதிர்ப்பு எழுந்தது, கண்டனங்கள் பிறந்தன. கலைஞர் பின்வாங்கவில்லை. சிலை அரை நூற்றாண்டைக் கடந்தும் அமர்ந்திருக்கிறது.

நம் பங்குக் குடும்பங்கள் சிலவற்றோடு நாம் அங்குச் சென்றிருந்தபோது, சிலையை அணுகியதும் பேச்சு நின்றது. இளம்தாய் ஒருவர் தம் மகளின் கண்ணைச் சேலைத் தலைப்பால் மூடி, "அங்க பாக்காத கண்ணு, வா" என்று இழுத்தார். தந்தையர் செருப்பைப் பார்த்தபடி நடந்தனர். சற்றுத் தள்ளி நின்ற வேறு சில இளைஞர்களோ, சிலையைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்துக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தனர்.

பெரியவர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "ஏனுங்க சாமி, நாலு குடும்பம் வந்து போற எடத்துல இப்படி வெச்சிருக்கறாங்களே, இது சரிங்களா?"

நாம் விடை சொல்லுமுன் அந்தச் சிறுமி தலைப்பை விலக்கிக்கொண்டு கேட்டாள்: "அம்மிச்சி, அந்தம்மாளுக்கு ஆரும் துணி குடுக்கலையா?"

வயலும் வரப்புமாகவே வாழ்ந்த அந்தப் பாட்டி சிலையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "மலைக்கு ஆரு கண்ணு சேல கட்டி உடறா? இவளும் மலையாட்டம் உக்கோந்திருக்கறா" என்றார்.

சிறுமிக்கு அது போதுமானதாயிருந்தது. அவள் மலையையும் சிலையையும் மாறி மாறிப் பார்த்தாள். நமக்கும் அதைவிடப் பொருத்தமான விளக்கம் தோன்றவில்லை. ஆயினும் பெரியவரின் கேள்வி நேர்மையானது; அதற்கு விடை கூறக் கடமைப்பட்டிருக்கிறோம்.

உடல் வெட்கத்திற்குரியதா?

யட்சி என்பவள் யார்? மரத்திலும் நீர்நிலையிலும் உறைபவளாகப் பண்டை மக்கள் எண்ணிய தெய்வ மகள். தமிழில் அவள் இயக்கி. சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்கு அடைக்கலம் தந்த மாதரி, இயக்கிக்குப் பால் படைத்துவிட்டுத் திரும்பும் வழியில்தான் கவுந்தி அடிகளைச் சந்திக்கிறாள். கேரள நாட்டுக் கதைகளிலோ யட்சி, வழிப்போக்கரை மயக்கி உயிர் குடிப்பவள். அந்த அச்சக் கதையைக் கலைஞர் புரட்டிப் போட்டார். இங்கே அமர்ந்திருப்பவள் யாரையும் மயக்கவில்லை. யாரையும் பார்க்கவே இல்லை. மண்ணிலிருந்து எழுந்த மலைபோல் தன் அளவில் நிறைந்திருக்கிறாள்.

நம் கேள்வி திருச்சபைக்கும் புதியதன்று. வத்திக்கானில் சிஸ்டைன் சிற்றாலயத்தின் பீடச் சுவரில் மைக்கேலாஞ்சலோ 1536 முதல் 1541 வரை 'இறுதித் தீர்ப்பு' ஓவியத்தைத் தீட்டினார். புனிதர்களையும் பாவிகளையும் ஆடையின்றியே வரைந்தார். எதிர்ப்பு கிளம்பியது. ஓவியர் மறைந்த மறு ஆண்டு, 1565இல், தானியேலே தா வோல்தெர்ரா என்பவரை அழைத்து உருவங்களின்மேல் துணி வரையச் செய்தார்கள். பாவம், நல்ல ஓவியரான அவருக்குக் 'காற்சட்டை தைப்பவர்' என்ற கேலிப் பெயரே நிலைத்துவிட்டது! நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் ஓவியம் தூய்மை செய்யப்பட்டபோது, பிற்காலத்தவர் வரைந்த துணிகள் பல நீக்கப்பட்டன. வரலாற்றுச் சான்றாகத் தானியேலே வரைந்தவை விடப்பட்டன. பணி நிறைவுற்ற 1994ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள், திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் (யோவான் பவுல்) அங்கே திருப்பலி நிறைவேற்றி ஆற்றிய மறையுரையில், மனித உடலைப் பற்றிய இறையியலின் திருத்தலம் என்று அச்சிற்றாலயத்தைப் போற்றினார். உடல் இறைவனின் படைப்பு. அதன் மாட்சியைக் கலை காட்டலாம் என்பதே அவர் உணர்த்தியது.

அப்படியானால் ஆடையற்றது எல்லாம் கலையா? ஒருகாலும் இல்லை. வேறுபாட்டை அறிய எளிய வழி ஒன்று உண்டு. சோப்பும் சட்டையும் வண்டியும் விற்பதற்காகப் பெண்ணின் உடலைக் காட்டும் விளம்பரத்தைப் பாருங்கள். அங்கே உடல் ஒரு தூண்டில். பார்ப்பவனின் ஆசைக்கு இரையாக அது வைக்கப்பட்டிருக்கிறது. யட்சியோ எதையும் விற்கவில்லை; எவரையும் அழைக்கவில்லை. முன்னது மனிதரைப் பண்டமாக்குகிறது. பின்னது மனித உருவை மலைக்கு நிகராக்குகிறது. நம் வரவேற்பறைத் தொலைக்காட்சியிலும் பிள்ளைகளின் கையிலுள்ள கைப்பேசியிலும் முன்னது நாளெல்லாம் ஓடுகிறது. அப்போது சேலைத் தலைப்பை நாம் எடுப்பதில்லை; திறந்த வெளியில் கலைஞரின் படைப்பைக் கண்டதும் எடுக்கிறோம். இது முறைதானா என்று எண்ணிப் பார்ப்போம்.

கண்ணை மூடிய தாய் நல்ல தாய். அவரது அச்சம் அன்பிலிருந்து பிறந்தது. ஆயினும் மூடிய கண் ஒன்றைக் கற்றுக்கொள்கிறது: உடல் என்பது ஒளித்துப் பார்க்க வேண்டிய பொருள் என்று. அந்தப் பாடத்தைக் கற்றவர்கள்தாம் பின்னாளில் சிலை முன் நின்று இளித்துப் படம் எடுக்கிறார்கள். மூடுவதும் இளிப்பதும் ஒரே தவற்றின் இரு முகங்கள். மரியாதையோடு நேரே பார்க்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதே பெற்றோர் செய்யத்தக்கது. "இது ஒருவர் பல மாதம் உழைத்துச் செய்தது. உன் அம்மாவைப் போல, அக்காவைப் போல ஒரு பெண்ணின் உருவம். கேலி செய்யாமல் பார்" என்று தந்தை சொன்னால் போதும். அந்தச் சொல் மகனுக்கு வாழ்நாளெல்லாம் துணை வரும்.

குப்பையில் மலர்ந்த சிற்பங்கள்

மலம்புழாவில் மற்றொரு சிற்பத் தோட்டமும் உண்டு. ராக் கார்டன் என்று பெயர். உடைந்த வளையல், ஓட்டுச் சில்லு, பயன் தீர்ந்த டப்பாக்கள் ஆகியவற்றைக் கொண்டே அங்குச் சுவர்களும் உருவங்களும் ஆக்கப்பட்டுள்ளன. இதை அமைத்தவர் நேக் சந்த். அவர் கதை நம் வீடுகளில் சொல்லப்பட வேண்டிய கதை.

1924இல் இன்றைய பாகிஸ்தானிலுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தவர் அவர். 1947இன் பிரிவினையில் ஊரும் வீடும் இழந்து இந்தியா வந்த குடும்பம். புதிதாக எழுந்துகொண்டிருந்த சண்டிகர் நகரில் சாலைப் பணி மேற்பார்வையாளராக வேலை கிடைத்தது. புதிய நகருக்காகப் பழைய சிற்றூர்கள் பல இடிக்கப்பட்டன. அந்த இடிபாடுகளிலிருந்து உடைந்த பீங்கானையும், சக்கரத்தையும், வளையல் துண்டையும் மிதிவண்டியில் ஏற்றிச் சென்று, அரசுக் காட்டின் ஓடை மறைவில் சேர்த்தார். பகலில் அலுவலகம், மாலையிலும் இரவிலும் இந்த வேலை. ஏறத்தாழ 18 ஆண்டுகள் ஊரறியாமல் இது நடந்தது.

1975இல் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது ஏறத்தாழ 12 ஏக்கரில் மனிதரும் விலங்கும் பறவையுமாக ஓர் உலகமே அங்கு நின்றது. சட்டப்படி அனைத்தையும் இடித்திருக்கலாம். நல்லவேளையாக, கண்டவர்கள் நின்று பார்த்தார்கள். 1976இல் அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அவருக்குச் சம்பளமும் உதவிக்குத் தொழிலாளரும் கொடுத்து அவ்வேலையையே தொடரச் செய்தது நிர்வாகம். 1983இல் அஞ்சல் தலை வந்தது. 1984இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 1990இல் பூங்காவின் ஒரு பகுதியை இடிக்க இயந்திரங்கள் வந்தபோது மக்களே வரிசையாக நின்று தடுத்தார்கள்.

2015ஆம் ஆண்டு சூன் 12ஆம் நாள் நேக் சந்த் காலமானார். அதே மாதம் 18ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிசின் 'லவுதாதோ சி' சுற்றுமடல் வெளியாயிற்று. பொருளைத் தூக்கி எறியும் பழக்கம் மனிதரையும் தூக்கி எறியும் பழக்கமாக வளர்கிறது என்று அம்மடல் எச்சரிக்கிறது. உடைந்த வளையலில் நடன மங்கையைக் கண்ட கண், முதுமையில் தளர்ந்த தந்தையை வீட்டுக்குப் பாரமாகக் காணுமா? தேர்வில் தோற்ற பிள்ளையை 'உதவாக்கரை' என்று தள்ளுமா? நம் பாட்டிமார் பழஞ்சேலையை அடுக்கித் தைத்துக் குழந்தைக்கு மெத்தை ஆக்கினார்கள். கொட்டாங்குச்சியை அகப்பை ஆக்கினார்கள். அவர்களுக்குத் தெரிந்த கலையைத்தான் நேக் சந்த் பெரிதாகச் செய்தார்.

ஆனால், அந்தத் தோட்டத்திற்கே போய், தின்ற முறுக்கின் பிளாஸ்டிக் பையைச் செடி மறைவில் செருகிவிட்டு வருவோர் உண்டு. கழிவிலிருந்து அழகு செய்த இடத்தில் அழகைக் கழிவாக்குவது எத்துணை முரண்!

புறப்படும் குடும்பங்களுக்கு

பயணம் போக விரும்புவோருக்குச் சில சொற்கள். அணைப் பூங்காக்களில் அவ்வப்போது புதுப்பிக்கும் பணிகள் நடப்பதால், எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று முன்கூட்டி விசாரித்துக்கொள்வது நல்லது. வெயில் ஏறுமுன் செடிகளையும் சிற்பங்களையும் பார்த்துவிட்டு, விளையாட்டைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளலாம். சோற்றைத் தூக்குப் போசியிலோ வாழை இலையிலோ கட்டிக்கொண்டு போனால் குப்பை சேராது. பிள்ளைகளிடம் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, தங்களுக்குப் பிடித்த ஓர் இலையையும் ஒரு சிலையையும் பார்த்து வரையச் சொல்லுங்கள். கோணலாக வந்தாலும் குற்றமில்லை. வரைபவன் நின்று பார்க்க வேண்டியிருக்கிறதல்லவா? மரத்தில் பெயர் செதுக்குவதோ, சிலை மேல் ஏறி அமர்வதோ வேண்டாம் என்று வண்டியிலேயே சொல்லிவிடுங்கள்.

அவ்வளவு தூரம் போக இயலாதவர்கள் மனம் வருந்த வேண்டியதில்லை. பவானிசாகர் இருக்கிறது, கொடிவேரியின் நீரும் மரமும் இருக்கின்றன. நம் கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளும் வானவர் உருவங்களும்கூட யாரோ ஒரு கல்தச்சரின் கைவேலைதானே! வீட்டு வாசலில் ஓர் இட்லிப்பூச் செடியாவது இல்லாத குடும்பம் நம் பக்கத்தில் ஏது?

முதல் மனிதனை இறைவன் ஒரு தோட்டத்தில் வைத்தார். அதைப் பண்படுத்தவும் காக்கவும் பணித்தார். காக்க வேண்டுமானால் முதலில் அதைக் கண்ணாரக் காண வேண்டும். செடியை நின்று பார்க்கவும், மனித உடலை மதித்துப் பார்க்கவும், எறியப்பட்டதை இரக்கத்தோடு பார்க்கவும் நம் பிள்ளைகள் கற்றுக்கொண்டால், இந்த விடுமுறைப் பயணத்தின் செலவு முழுவதும் வரவாகவே நிற்கும்.